தடுப்பூசிக்குப் பின் தோலில் தடிப்பு: எதைப் பார்ப்பது, எப்போது ஓடுவது, அடுத்த ஊசியை என்ன செய்வது

ஊசி குத்திய இடம் லேசாக வீங்கிச் சிவப்பதும், தொட்டால் வலிப்பதும் சகஜம். இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். இந்தக் கட்டுரை அதைத் தாண்டி எப்போதாவது சிலருக்கு வருகிறவற்றைப் பற்றியது: உடம்பெல்லாம் தடிப்பு, ஒரு வாரம் கழித்துச் சிவக்கும் கை, மாதக்கணக்கில் அரிக்கும் கட்டி. வீட்டில் குழந்தையையோ பெரியவரையோ கவனித்துக்கொள்கிறவர்களுக்கும், தடுப்பூசிப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று எழுதப்பட்டது.

தடிப்பைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது? ஊசி போட்ட இடத்தில் மட்டும் வந்ததா, வேறு இடத்திலுமா? தடிப்பின் நிறமும் வடிவமும் சொல்வதைவிட இந்த இரண்டு பதில்களும் அதிகம் சொல்லும். பத்தாவது நிமிடத்தில் உடம்பில் பரவும் தடிப்பு உயிருக்கு ஆபத்தாக முடியலாம். பத்தாவது நாளில் வரும் தடிப்பு, தட்டம்மைத் தடுப்பூசி தன் வேலையைச் செய்வதன் அடையாளமாக இருக்கலாம். அதனால் கீழே உள்ளவை நோயின் பெயர் வரிசையில் இல்லாமல் கடிகார வரிசையில் இருக்கின்றன.

ஊசிக்கு முன் சொல்ல வேண்டியவை

முன்பு ஏதாவது தடுப்பூசிக்கு ஒவ்வாமை வந்திருந்தால் எந்த ஊசி, எத்தனை நிமிடத்தில், என்னென்ன வந்தது என்று சொல்லுங்கள். ஜெலட்டின், லேடெக்ஸ் ரப்பர், நியோமைசின் மருந்து ஆகியவற்றுக்கு ஒவ்வாமை இருந்தாலும் சொல்ல வேண்டும். நியோமைசின் களிம்பு பூசிய இடத்தில் அரிப்பும் சிவப்பும் வந்தது என்பது மட்டும் தடுப்பூசிக்குத் தடையில்லை. அதே மருந்தால் மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால்தான் தடை. முட்டை ஒவ்வாமையைக் காரணம் காட்டி ஃப்ளூ ஊசியையும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) ஊசியையும் தள்ளிப்போடத் தேவையில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசி வேறு விஷயம், அதற்கு ஒவ்வாமை நிபுணரைக் கேட்க வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எது எடுத்தாலும் சொல்லுங்கள். முதல் இரண்டையும் மறைத்துவிட்டு உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது ஆபத்து. மூன்றாவது, ஊசி போட்ட இடத்தில் வரும் இரத்தக்கட்டைப் பார்த்து யாரும் பயந்துவிடாமல் இருக்க உதவும்.

“எதற்கும் இருக்கட்டும்” என்று ஊசிக்கு முன்பே செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது தீவிர ஒவ்வாமையைத் தடுக்காது. முதலில் எச்சரிக்க வேண்டிய தோல் தடிப்பை மட்டும் மறைத்துவிடும்.

ஊசியின் பெயர், தொகுதி எண், இடதா வலதா, கையா தொடையா என்பதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசிகள் போடும்போது இது மிக முக்கியம். ஒரே தொடையில் இரண்டு போட்டால் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விடுவது, பிறகு எது வீங்கியது என்று பிரித்துச் சொல்வதற்காகத்தான்.

முதல் 30 நிமிடம்

எல்லோரும் குறைந்தது 15 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பு தீவிர ஒவ்வாமை வந்தவர்கள் 30 நிமிடம். அனாஃபிலாக்சிஸ் எனப்படும் தீவிர ஒவ்வாமை சுமார் பத்து லட்சம் டோஸ்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். ஆனால் வந்தால் நிமிடங்களில் முற்றிவிடும்.

காணாக்கடி போல ஆங்காங்கே தடித்து அரிப்பது, உதடும் கண்ணிமையும் வீங்குவது, முகம் சிவப்பது ஆகியவை தோலின் அறிகுறிகள். இவற்றோடு குரல் கம்முவது, விடாத இருமல், இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல், நாடி வேகமாகவும் மெலிந்தும் போவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அனாஃபிலாக்சிஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தில் ஒருவர் இருவருக்குத் தோலில் எதுவுமே தெரியாமலும் இது வரும். ஆகவே தடிப்பு இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயத்தால் வரும் மயக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. மயக்கம் பெரும்பாலும் ஊசி குத்தும்போதோ அடுத்த சில நிமிடங்களிலோ வரும். தோல் வெளிறி, குளிர்ந்து, வியர்த்திருக்கும். நாடி மெதுவாக அடிக்கும். தடிப்பும் இழுப்பும் இருக்காது. படுக்க வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும்.

தீவிர ஒவ்வாமை என்று தோன்றினால் வரிசை இதுதான்:

1. ஆளை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் கால்களை நீட்டி உட்காரலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாக. எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள், சட்டென்று எழும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து உயிரே போகலாம்.
2. பயிற்சி பெற்றவர் அட்ரினலினைத் தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 1:1000 கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருக்கும், எனவே 10 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிலிட்டர். பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிலிட்டர்.
3. ஆம்புலன்ஸை அழையுங்கள். இதையும் அட்ரினலினையும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் செய்ய வேண்டும்.
4. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் அதே அளவு மீண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, அலர்ஜி மாத்திரையையோ ஸ்டீராய்டு ஊசியையோ முதலில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது, விழும் இரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. அட்ரினலினுக்குப் பின் முழுக்கத் தேறினாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் இருக்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு இரண்டாவது அலை வரும்.

அன்று இரவு முதல் மூன்றாம் நாள் வரை

ஊசி போட்ட இடத்தில் மட்டும் வரும் வீக்கத்துக்கு, சுத்தமான துணியை ஈரமாக்கியோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியாலோ 10 முதல் 15 நிமிடம் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். தேய்ப்பது, உருவிவிடுவது, சூடான ஒத்தடம் மூன்றும் வேண்டாம். வலியால் குழந்தை துடித்தால் பாராசிட்டமால், எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தியில் இருக்காது. பாட்டிலில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று படித்த பிறகே அளக்க வேண்டும்.

அடுத்ததாக ஒரு பேனா எடுங்கள். சிவப்பின் ஓரத்தைத் தோலின் மேலேயே கோடாக வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படம் பிடியுங்கள். 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று சந்தேகமில்லாமல் தெரியும். “நேற்றைவிடப் பெரிசா இருக்கிற மாதிரி இருக்கு” என்ற சொல்லை வைத்து மருத்துவரால் முடிவெடுக்க முடியாது, கோட்டை வைத்து எடுக்க முடியும்.

கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே சிவப்பைத் தேடிக்கொண்டிருக்காமல், புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், மறுபக்கத்துக் கையோடு ஒப்பிட்டு வீக்கத்தைப் பாருங்கள், தோல் ஊதா சாயலாகவோ கூடுதலாகக் கறுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவப் புத்தகப் படங்களில் பல வெளிர்தோலில் எடுத்தவை. அந்தப் படத்தோடு ஒப்பிட்டு “இது அது இல்லை” என்று முடிவுகட்டுவது பலமுறை ஏமாற்றும். ஆறிய பிறகு அந்த இடம் சில மாதங்கள் கறுத்திருப்பதும் இயல்பு.

கக்குவான் இருமல் சேர்ந்த மூன்று நோய்த் தடுப்பூசியின் 4-ஆம், 5-ஆம் டோஸ்களுக்குப் பிறகு சில குழந்தைகளுக்குத் தோளிலிருந்து முழங்கை வரை, அல்லது தொடை முழுவதும் வீங்கிவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் குழந்தை பெரும்பாலும் விளையாடிக்கொண்டுதான் இருக்கும், வீக்கத்தின் அளவுக்கு வலி இருக்காது. சில நாளில் தானாக வடிந்துவிடும், தழும்பு விடாது.

டெட்டனஸ் ஊசியை அடிக்கடி போட்டுக்கொண்டவர்களுக்கு வரும் வீக்கம் வேறு வகை. ஏற்கெனவே இரத்தத்தில் மிகுந்திருக்கும் எதிர்ப்பொருள் ஊசி மருந்தோடு அதே இடத்தில் பிணைந்து அழற்சியைக் கிளப்பும். 4 முதல் 12 மணி நேரத்துக்குள் கை கடுமையாக வலித்து வீங்கும். காயம் படும்போதெல்லாம் ஒரு டெட்டனஸ் ஊசி என்ற பழக்கம் இதற்குக் காரணமாகிவிடுகிறது. இப்படி ஒருமுறை வந்தவர்களுக்கு, காயமே பட்டாலும், முந்தைய டோஸிலிருந்து 10 ஆண்டு ஆகாமல் அந்த ஊசி போடுவதில்லை. அதனால்தான் பழைய அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கிருமித்தொற்றை எப்படிப் பிரிப்பது? தொற்றில்லாத வீக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். தொற்று மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும், கோட்டைத் தாண்டும், காய்ச்சலும் குளிரும் சேரும், நடுவில் சீழ் கோத்துக் குழைவாகும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லா வீக்கத்துக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பது வீண். ஒரே பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்ட பலருக்குச் சீழ்க்கட்டி வந்தால் அது ஊசிப் பணியில் நேர்ந்த பிழை. கலக்கிய தட்டம்மை மருந்தை 6 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து போடுவது அப்படிப்பட்ட ஒரு பிழை. அந்தக் குப்பியில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லாததால், உள்ளே புகுந்த கிருமி பெருகிவிடும். இதை அன்றே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு

எம்ஆர்என்ஏ வகைக் கொரோனா தடுப்பூசிகளுக்குப் பிறகு, முக்கியமாக மாடர்னா ஊசிக்குப் பிறகு, சிலருக்கு எட்டாம் நாள் வாக்கில் ஊசி போட்ட கையில் வட்டமாகச் சிவந்து, அரித்து, சூடாக இருந்தது. முதல் வலி தீர்ந்து நாளாகிவிட்ட பிறகு வந்ததால் பலர் இதைத் தொற்று என்று நினைத்தார்கள். இது தாமதமான எதிர்ப்பு விளைவு. குளிர்ந்த ஒத்தடம், அலர்ஜி மாத்திரை, தேவைப்பட்டால் மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பு போதும். ஒரு வாரத்தில் அடங்கும், அடுத்த டோஸுக்குத் தடையில்லை. இரண்டாவது டோஸை மறு கையில் போட்டுக்கொள்ளலாம்.

எம்.எம்.ஆர். ஊசிக்குப் பிறகு 7 முதல் 12 நாளுக்குள், சுமார் 20 பேரில் ஒருவருக்குத் தட்டம்மை போன்ற மெல்லிய தடிப்பு வரும். கூடவே காய்ச்சலும் இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் மறையும், மற்றவர்களுக்குத் தொற்றாது. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வந்த தடிப்பை இதன் கணக்கில் சேர்க்க முடியாது. சிறு குழந்தைகளுக்கு இந்த வயதில் வைரஸ் காய்ச்சல் தடிப்புகள் அடிக்கடி வருவதால், தற்செயலாக அதே வாரத்தில் வந்த வேறு நோயாகவும் இருக்கலாம்.

இதே ஊசிக்குப் பின் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு, அதை அலட்சியப்படுத்தவே கூடாது. இரத்தத் தட்டுகள் திடீரெனக் குறைந்து, தோலில் குண்டூசி முனை அளவில் செம்புள்ளிகள் கொத்துக் கொத்தாக வரலாம், காரணமில்லாத கன்றல்களும் வரலாம், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசியலாம். 30,000 முதல் 40,000 டோஸ்களுக்கு ஒன்று என்ற அளவில், ஆறு வாரத்துக்குள் இது நேரும். சோதிப்பது எளிது: ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கத்தைப் புள்ளிகளின் மேல் வைத்து அழுத்திக் கண்ணாடி வழியே பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும். தோலுக்கடியில் கசிந்த இரத்தம் அழுத்தினாலும் மறையாது. மறையாவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சலும் சோர்வும் சேர்ந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், மூளைக்காய்ச்சல் கிருமியின் அடையாளமும் இதே புள்ளிதான்.

சின்னம்மைத் தடுப்பூசிக்குப் பின் ஒரு மாதத்துக்குள், நூற்றில் சிலருக்கு ஊசி போட்ட இடத்திலோ உடம்பிலோ ஐந்தாறு கொப்புளங்கள் வரும். கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வையுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமிருந்து விலகியிருக்க வேண்டும், ஏனெனில் கொப்புளத்திலிருந்து வைரஸ் அரிதாகத் தொற்றக்கூடும். முதல் இரண்டு வாரத்துக்குள் உடம்பு முழுக்கக் கொப்புளம் நிறைந்தால், ஊசிக்கு முன்பே தொற்றிய சின்னம்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த ஊசி போட்ட குழந்தைக்கு ஆறு வாரம் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

பி.சி.ஜி.: புண் வருவதுதான் முறை

தாய்மார்கள் அதிகம் பயப்படுவதும், தேவையில்லாமல் அதிகம் கைவைக்கப்படுவதும் காசநோய்க்கு எதிரான இந்த ஊசியின் புண்தான். மருந்து தோலின் மேலடுக்குக்குள், 0.05 மில்லிலிட்டர் மட்டும் போகும் (ஒரு வயதுக்கு மேல் 0.1). சரியாகப் போட்டால் உடனே ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக, வெளிறிய சிறு மேடு எழும், சற்று நேரத்தில் அமுங்கிவிடும். 2 முதல் 4 வாரத்தில் அங்கே சிறு பரு. பிறகு அது பெரிதாகி, உடைந்து, நீரோ சீழோ கசிந்து, பொருக்குத் தட்டும். பொருக்கு விழுந்து மீண்டும் கசிவதும் உண்டு. முழுக்க ஆற இரண்டு மூன்று மாதம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். கடைசியில் வட்டத் தழும்பு.

செய்ய வேண்டியது குறைவு. குளிக்கும்போது தண்ணீர் படலாம், மெல்ல ஒற்றி உலர்த்துங்கள். கசிந்தால் உலர்ந்த, காற்றுப் போகும் துணியைத் தளர்வாக வையுங்கள். களிம்பு, பவுடர், எண்ணெய், கிருமிநாசினி, ஒட்டும் பிளாஸ்டர் எதுவும் வேண்டாம். பிதுக்காதீர்கள்.

அதே பக்க அக்குளில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வலியில்லாத நெறி கட்டினால் காத்திருக்கலாம். அது பெரிதாகி, குழைந்து, மேல்தோல் சிவந்தால் மருத்துவர் ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார். வீட்டில் கீறிவிட்டால் நீண்ட நாள் கசியும் புரைப்புண் ஆகிவிடும். மருந்தை ஆழமாகப் போட்டதும், கூடுதல் அளவு போட்டதும் இதற்குப் பொதுவான காரணங்கள். ஊசி போட்ட பத்து நாளுக்குள்ளேயே அந்த இடம் வீங்கிப் புண்ணானால், குழந்தைக்கு முன்பே காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புண் ஆறாமல் அகன்றுகொண்டே போய், குழந்தை எடையும் ஏறாவிட்டால் பிறவி எதிர்ப்புக் குறைபாட்டைச் சோதிக்க வேண்டும்.

மாதக்கணக்கில் அரிக்கும் முடிச்சு

பல தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சிறிதளவு சேர்க்கப்படுகிறது, எதிர்ப்புத் தூண்டலை வலுப்படுத்த. அது தசைக்குள் போகாமல் தோலுக்கடியில் கசிந்து தங்கினால், அதைச் சுற்றிச் சிறிய கெட்டியான முடிச்சு உருவாகலாம். ஊசிக்குப் பின் சில வாரத்திலோ, பல மாதம் கழித்தோ தெரியவரும். அரிப்புதான் இதன் முத்திரை. குழந்தை ஒரே இடத்தைச் சொறிந்துகொண்டே இருக்கும், சளி பிடிக்கும்போது அரிப்பு கூடும், முடிச்சின் மேல் தோல் கறுத்து ரோமம் அடர்ந்திருக்கும்.

சுவீடனின் கோத்தன்பர்க்கில் 1990-களில் நடந்த கக்குவான் இருமல் தடுப்பூசி ஆய்வுகளுக்குப் பிறகுதான் இது விரிவாகக் கவனிக்கப்பட்டது. அங்கே ஊசி போட்ட சுமார் 76,000 பேரில் 645 பேருக்கு இந்த முடிச்சு வந்தது. சோதித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அலுமினியத் தொடு ஒவ்வாமையும் இருந்தது. முடிச்சு பல ஆண்டு நீடித்தாலும் காலப்போக்கில் அடங்கும்.

இதைத் தெரியாமல் கட்டி என்று அறுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுண்டு. பெரும்பாலும் அது தேவையில்லை. ஊசி போட்ட இடமும் முடிச்சு இருக்கும் இடமும் ஒன்றா என்று அட்டையைப் பார்த்தாலே போதும். அரிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பு உதவும். அலுமினியம் கலந்த வியர்வைத் தடுப்பான்கள் இவர்களுக்கு அரிப்பைக் கிளப்பும், தவிர்க்கலாம். ஊசி போடுகிறவர்கள் 25 மில்லிமீட்டர் ஊசியை 90 டிகிரியில் நேராகத் தசைக்குள் இறக்கினால் (பச்சைக்குழந்தைக்குத் தொடை, பெரியவருக்கு மேல்கைத் தசை) இந்த வாய்ப்பு குறையும். பருமனானவர்களுக்கு இன்னும் நீளமான ஊசி வேண்டும்.

எப்போது வந்தாலும் உடனே மருத்துவமனை

தோல் வலித்து, கொப்புளித்து, ஈரத் தாள் போல உரிவது. வாய், கண், பிறப்புறுப்பில் புண். கண் சிவந்து திறக்க முடியாமல் போவது. இவை ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயின் அடையாளங்கள். தடுப்பூசியால் இது மிக மிக அரிது. வலிப்பு மருந்து, சல்ஃபா, சில வலிமாத்திரைகளே பெரும்பாலும் காரணம், எனவே கடந்த இரண்டு மாதத்தில் உட்கொண்ட எல்லா மருந்தையும் கையோடு கொண்டுபோங்கள். ஊசியின் மேல் பழி போட்டுவிட்டு உண்மையான காரணமான மாத்திரையைத் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த டோஸ்

பெரிய கை வீக்கம், தாமதமாகச் சிவந்த கை, தட்டம்மை போன்ற தடிப்பு, அலுமினிய முடிச்சு, பி.சி.ஜி. புண் எதுவும் மற்ற தடுப்பூசிகளை நிறுத்தக் காரணமாகாது. பயத்தால் பாதியில் விட்ட தடுப்பூசி வரிசை, குழந்தையை உண்மையான நோய்க்கு முன் வெறுங்கையாக நிறுத்தும். ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சோ இரத்த அழுத்தமோ பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அதே ஊசியை அப்படியே மீண்டும் போடக் கூடாது. இரத்தத் தட்டு குறைந்தவர்களுக்கு மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்வார்.

நடந்ததை ஊசி போட்ட மையத்திடம் சொல்லி, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வு என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊசியின் பெயர், தொகுதி எண், போட்ட நேரம், தடிப்பு வந்த நேரம், படங்கள், எடுத்த மருந்து, அடங்கிய நாள் ஆகியவை வேண்டும். ஊசிதான் காரணம் என்று நிரூபித்த பிறகு சொல்ல வேண்டும் என்பதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும்.

நிமிடங்களில் ஒவ்வாமை வந்தவருக்கும் அந்த ஊசி கட்டாயம் தேவைப்பட்டால், ஒவ்வாமை நிபுணர் முதலில் தோல் சோதனை செய்வார். அதில் எதுவும் வராவிட்டால் முழு டோஸைப் போட்டு 30 நிமிடம் கவனிப்பார்கள். ஒவ்வாமை காட்டினால் 0.5 மில்லிலிட்டர் ஊசியைப் பிரித்து, பத்தில் ஒன்றாக நீர்த்ததில் 0.05 மில்லிலிட்டர், பிறகு நீர்க்காமல் 0.05, 0.1, 0.15, 0.2 என்று 15 நிமிட இடைவெளியில் ஏற்றுவார்கள். அட்ரினலினும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மருத்துவமனையில் மட்டுமே இதைச் செய்யலாம், வீட்டிலோ முகாமிலோ முயலக் கூடாது.